எட்டு என்ற எண்: உப்பளத்தை ஒட்டிய 1.2 கிலோமீட்டர் சாலை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்புலம்

இராமநாதபுரம் மாவட்டத்தின் மன்னார் வளைகுடாக் கரையில், கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட பகுதியில், மீனவர் குடியிருப்புகளையும் உப்பளங்களையும் பிரதான சாலையோடு இணைக்கும் 9 கிலோமீட்டர் சாலை ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் அகலப்படுத்தப்பட்டு, புதிய தார் அடுக்குகளோடு ஒரு சித்திரை மாதத்தில் திறக்கப்பட்டது. அதன் அடுக்குகளை வடிவமைத்த ஆலோசனைக் குழுவில் நான் இருந்தேன். கணினியில் எண்களை உள்ளிட்டதும் நான்தான். பின்னர் அச்சாலையின் ஒரு பகுதி ஏன் கெட்டது என்று ஆராய்ந்த குழுவிலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தன் கணக்கைத் தானே திருத்தும் சங்கடமான வேலை அது. ஊர், அலுவலகம், ஒப்பந்தக்காரர், உப்பளத்தார் ஆகியோரின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

சாலையின் பெரும்பகுதி மணற்பாங்கான நிலத்தில் செல்கிறது. சாயல்குடியை நெருங்கும்போது தேரிச் செம்மணலும் தலைகாட்டுகிறது. ஏறத்தாழ நடுவில் 1.2 கிலோமீட்டர் தூரம் மட்டும் நிலம் வேறு. அங்கே தெற்கே, அதாவது கடற்பக்கம், சாலையை ஒட்டியே உப்பளத்தின் கரை செல்கிறது. வடக்கே பனையும் சீமைக்கருவேலமும் நிற்கும் தாழ்வான நிலம். சாலை மேடு அக்கம்பக்கத்து உவர்க் களிமண்ணைக் கொண்டே பல தலைமுறைகளுக்கு முன் போடப்பட்டது. வடக்கிலிருந்து வரும் மழைநீரும் கண்மாய் மிகைநீரும் கடலுக்குப் போக இரண்டு குழாய்ப்பாலங்கள் இருந்தன.

வடிவமைப்பு, இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் அமைப்பு வெளியிட்ட ஐ.ஆர்.சி. 37 (2018) வழிகாட்டியின்படி, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் உருவான ஐ.ஐ.டி.பேவ் மென்பொருளைக் கொண்டு செய்யப்பட்டது. சாலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மீள்தன்மையுள்ள பலகைகளாக அம்மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. 80 கிலோநியூட்டன் எடையுள்ள நிலையச்சு, அதாவது கணக்குக்கென்று தரப்படுத்திய லாரி அச்சு, ஒன்று மேலே நிற்கும்போது தார் அடுக்கின் அடிப்பக்கம் எவ்வளவு இழுபடுகிறது, அடிமண்ணின் மேற்பரப்பு எவ்வளவு அமுங்குகிறது என்ற இரண்டு திரிபுகளைக் கணக்கிட்டுத் தருகிறது. முதலாவது திரிபு விரிசலுக்கும், இரண்டாவது சக்கரத் தடப் பள்ளத்துக்கும் அளவுகோல். 15 ஆண்டுக் காலத்துக்கு 50 லட்சம் நிலையச்சுகள் கடக்கும் என்று மதிப்பிட்டு, 80 மில்லிமீட்டர் தார்க்கலவையும் அதற்குக் கீழே 350 மில்லிமீட்டர் ஜல்லி அடுக்குகளும் போதும் என்று முடிவு செய்தோம். வழிகாட்டியில் உள்ள ஆயத்த அட்டவணை இதைவிடக் கனமான அடுக்குகளையே காட்டியது. திட்டத்தொகை நெருக்கியதால், கணக்கு அனுமதிக்கும் எல்லைவரை ஜல்லியைக் குறைத்தோம்.

அந்தக் கணக்கு முழுவதும் அடிமண்ணின் சி.பி.ஆர். மதிப்பு, அதாவது தரமான ஜல்லியோடு ஒப்பிட்டு மண்ணின் தாங்குதிறனைச் சொல்லும் அளவு, 8 விழுக்காடு என்ற ஒரே எண்ணின்மேல் நின்றது. கிலோமீட்டருக்கு ஒன்றாக வைகாசியில் வெட்டிய 9 சோதனைக் குழிகளில் எட்டின் மண், ஆய்வகத்தில் நான்கு நாள் நீரில் ஊறியபின் 8 முதல் 14 வரை தந்தது. உப்பளத்தை ஒட்டிய ஒரே குழி 4 தந்தது. அதே குழிக்கு அருகில் கூம்பு ஊடுருவல் கருவியை, அதாவது 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும் 8 கிலோ சுத்தியலால் எஃகுக் கூம்பை மண்ணுக்குள் இறக்கும் கருவியை, வைத்துப் பார்த்தபோது சுத்தியலின் ஓர் அடிக்கு 25 மில்லிமீட்டர்தான் இறங்கியது. அது ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்குச் சமம். ஆகவே 4 என்பது ஆய்வகத்தில் நேர்ந்த பிழை என்று நான் எண்ணினேன். பத்தில் எட்டு மாதிரிகளாவது எட்டும் மதிப்பை எடுக்கலாம் என்று வழிகாட்டியும் இடம் கொடுத்தது. மண் பெரிதும் மாறும் இடங்களில் சாலையைத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே வடிவமைக்க வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்வதை ஒற்றைக் குழிக்காகப் பொருட்படுத்தவில்லை.

முதல் அறிகுறிகளும் முதல் சிகிச்சையும்

முதல் மழைக்காலம் சேதமின்றிக் கழிந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியபோது, உப்பளத்தை ஒட்டிய தென்புற ஓரத்தில் தார்ப்பரப்பு சிறு கொப்புளங்களாக எழும்பியது. கொப்புளத்தை உடைத்தால் உள்ளே வெண்மையான உப்புப் பொடி. களிமண் வழியாக மேலேறிய உவர்நீர் தாரின் அடியில் ஆவியாகி, உப்பைப் படிகமாக விட்டுச்சென்றிருந்தது. பார்வைக்குத் தெளிவான இந்த அடையாளம்தான் எங்களை வெகுகாலம் திசைதிருப்பியது. உப்பளம் தெற்கே இருக்கிறது, உப்பும் தெற்கே பூக்கிறது, ஆகவே குற்றவாளியும் தெற்கேதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது அந்த 1.2 கிலோமீட்டரில் சக்கரத் தடப் பள்ளம் சில இடங்களில் 22 மில்லிமீட்டரை எட்டியிருந்தது. 20 மில்லிமீட்டரைத் தாண்டினாலே சாலையின் ஆயுள் முடிந்ததாக வழிகாட்டி கருதுகிறது. எஞ்சிய 7.8 கிலோமீட்டரில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை.

பங்குனியில் பெங்கல்மேன் கோல் கொண்டு, பின்னச்சில் 8,170 கிலோ ஏற்றிய லாரியின் கீழ் சாலை எவ்வளவு வளைகிறது என்று அளந்தார்கள். மண் மிக நலிந்திருக்கும் பருவமழை முடிவில்தான் இந்த அளவீட்டைச் செய்ய வேண்டும். வேறு காலத்தில் அளந்தால், மண்வகையையும் மழையளவையும் வைத்து ஒரு திருத்தக் காரணியால் பெருக்கிக்கொள்ளலாம். அப்படியே பெருக்கி, 40 மில்லிமீட்டர் மேலடுக்கு போதும் என்று தீர்மானித்து, நிதியாண்டு முடிவதற்குள் போட்டும் விட்டார்கள். சாலைக்கு இருபுறமும் தண்ணீர் கட்டி நிற்பது அந்தத் திருத்தக் காரணிக்குத் தெரிய வழியில்லை. நான்காவது மழைக்காலத்தில், கார்த்திகை பிறக்கும் முன்பே, புதிய மேலடுக்கிலும் பள்ளம் விழுந்து, முதலைத்தோல் போன்ற விரிசல்கள் பரவின. அதன் பிறகே ஆய்வுக்குழு அமைந்தது.

கார்த்திகையில் கண்டவை

குழு எடுத்த முதல் முடிவு, மழை பெய்துகொண்டிருக்கும்போதே களத்தில் இறங்குவது என்பது. அது எளிதாக ஒப்புக்கொள்ளப்படவில்லை. மழையில் சாலையைக் குறுக்கே வெட்டினால் போக்குவரத்து என்னாவது என்ற கேள்வி நியாயமானதுதான். பாதிப் பாதியாக வெட்டுவது என்று உடன்பட்டு, ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை வெட்டினோம்.

முதலில் பட்டது, எங்கள் அனுமானம் தவறு என்பதே. கொப்புளங்கள் தென்புறத்தில் இருந்தனவே தவிர, ஆழமான பள்ளங்கள் எல்லாம் வடபுறச் சக்கரத் தடத்தில் இருந்தன. அங்கே தார் அடுக்கின் கனம் குறையவில்லை, ஜல்லியும் நொறுங்கவில்லை. ஆனால் ஜல்லியின் கீழ்மட்டம் களிமண்ணுக்குள் புதைந்து, சாம்பல் நிறக் களி ஜல்லியின் இடுக்குகளில் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. கூம்பு ஊடுருவல் கருவி அடிக்கு 60 மில்லிமீட்டர் இறங்கியது. வைகாசியில் 8 என்று காட்டிய மண் கார்த்திகையில் 3 என்று காட்டியது. ஆய்வகத்தின் 4 பிழையல்ல என்பது மட்டுமின்றி, அதுவே சற்றுத் தாராளமான மதிப்பு என்றும் தெரிந்தது.

வடக்கே மழைநீர் சாலையை அணைபோல் முட்டி நின்றுகொண்டிருந்தது. இரண்டு குழாய்ப்பாலங்களின் வடக்கு வாய்களும் திறந்திருந்தன. தெற்கு வாய்கள் உப்பளக் கரைக்குள் மண்மூடிக் கிடந்தன. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை மறைக்கவில்லை. “நல்ல தண்ணி பாத்திக்குள்ள வந்துச்சுன்னா அடுத்த வருசத்து உப்பு தள்ளிப்போயிரும் சார். அதான் அடைச்சோம். அடைச்சு ஏழெட்டு வருசம் இருக்கும்” என்றார். உப்பளத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது காரணமுள்ள செயல். கடல்நீர், உவர்நீரின் அடர்த்தியை அளக்கும் பாமே அளவுகோலில், ஏறத்தாழ 3 பாகையிலிருந்து 24, 25 பாகைக்கு முறுகினால்தான் உப்பு விளையும். இடையில் மழைநீர் புகுந்தால் முறுகியதெல்லாம் வீண்.

அவர் சொன்ன இன்னொரு செய்தியும் கணக்குக்கு உதவியது. கோடையில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து மூடிவைத்து, மழைக்காலத்தில் விலை ஏறியபின் லாரிகளில் ஏற்றுகிறார்கள். ஆக, சாலை மிக நலிந்திருக்கும் மாதங்களில்தான் மிகக் கனமான வண்டிகள் அதன்மேல் போகின்றன.

அன்று மாலை தேநீர்க்கடையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை இரவல் வாங்கி, ஒன்றில் உப்பளத்து நீரையும் மற்றதில் கூரையிலிருந்து பிடித்த மழைநீரையும் ஊற்றி, குழியிலிருந்து எடுத்த கோலிக்குண்டு அளவுக் களிக்கட்டி ஒவ்வொன்றை இட்டோம். உவர்நீரில் போட்ட கட்டி போட்டபடியே கிடந்தது. மழைநீரில் போட்டது சில நிமிடங்களில் ஓரம் கலைந்து, புகைபோல் விரிந்து, தம்ளரின் அடிப்பாதியைப் பால்போலக் கலக்கியது. கடைக்காரர் அந்தத் தம்ளரைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் களிமண்ணில் சோடியம் மிகுதி. சுற்றியுள்ள நீரில் உப்பு நிறைந்திருக்கும்வரை களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கிடக்கின்றன. வெயிலில் காயும்போது உப்பே அவற்றைப் பிணைத்து இறுக்கவும் செய்கிறது. நல்ல நீர் ஊடுருவி உப்பைக் கழுவிக்கொண்டு போனதும், துகள்களில் ஒட்டிய சோடியம் மட்டும் எஞ்சி, அவை ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்து சேறாகின்றன. சாலையைக் கெடுத்தது உப்பளத்து நீர் அன்று, வடக்கே கட்டி நின்ற மழைநீரே என்பது இதனால் விளங்கியது. தென்புறத்துக் கொப்புளம் மேல்தோலின் நோய் மட்டுமே.

கணினி மாதிரி: சரியாகக் கேட்டபின்

அடுத்ததாகப் பழைய கணக்கை மீண்டும் போட்டோம். சி.பி.ஆர். 8 எனில் அடிமண்ணின் மீள்குணகம், அதாவது சுமையின்கீழ் மண் காட்டும் விறைப்பு, 67 மெகாபாஸ்கல் அளவில் வரும். 3 எனில் 30. இழப்பு அதோடு நிற்பதில்லை. ஜல்லி அடுக்கின் குணகத்தையும் அடிமண்ணின் குணகத்தைக் கொண்டே வழிகாட்டி கணிக்கிறது, ஏனெனில் மெத்தைமேல் கொட்டிய ஜல்லியை எவ்வளவு உருட்டினாலும் அது இறுகுவதில்லை. எங்கள் 350 மில்லிமீட்டர் ஜல்லிக்கு அது அடிமண்ணைப்போல் 2.8 மடங்கு, ஆகவே 186 என்று இருந்தது 84 ஆகச் சரிந்தது. அடிமண்ணின் மேல் விழும் திரிபு ஏறத்தாழ 1.8 மடங்காகியது. சாலையின் ஆயுள், அந்தத் திரிபை 4.5337 என்ற அடுக்குக்குறிக்கு உயர்த்தினால் வரும் மதிப்புக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், மழைக்காலத்தில் போகும் ஒரு லாரி கோடையில் போகும் 14 லாரிகளுக்குச் சமமான சேதத்தைச் செய்கிறது.

ஆண்டில் மூன்று மாதம் இந்த நிலை என்று கொண்டு, போக்குவரத்து வளர்ச்சியைக் கணக்கில் சேர்க்காமல் கூட்டினால், 15 ஆண்டுச் சாலைக்கு மூன்றரை ஆண்டு ஆயுள்தான் வருகிறது. அதாவது நான்காவது மழைக்காலத்தில் அது முடிய வேண்டும். உண்மையில் மூன்றாவதிலேயே முடிந்தது. அந்த ஓராண்டு வேறுபாட்டை அம்பாரத்து உப்பு லாரிகளின் கூடுதல் எடைமேல் ஏற்றிச் சொல்லலாம் என்பது என் கருத்து. அந்த லாரிகளை நாங்கள் எடைபோட்டுப் பார்க்காததால், அதைக் கருத்து என்ற அளவில்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது மாதிரி நீர் ஊடுருவலுக்கானது. சாலையின் குறுக்குவெட்டைச் சிறு கூறுகளாகப் பிரித்து, வடக்கே தேங்கிய நீரின் மட்டத்தையும் தெற்கே உப்பளப் பாத்தியின் மட்டத்தையும் எல்லைகளாகக் கொடுத்து, மேட்டுக்குள் நீர்மட்டம் எப்படிச் சாய்கிறது என்று கணித்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, குறுக்கே ஆறு இடங்களில் துளையிட்ட பி.வி.சி. குழாய்களை இறக்கி, நூலில் கட்டிய எடையைக் கொண்டு காலையும் மாலையும் நீர்மட்டம் அளந்தோம். தென்புறத்து மூன்று குழாய்களில் கணிப்பும் அளவும் ஒத்துப்போயின. வடபுறத்து மூன்றில் அளந்த மட்டம் கணிப்பைவிட ஒரு முழத்துக்குமேல் உயர்ந்து நின்றது. களிமண்ணின் ஊடுருவு திறனை நியாயமான எல்லைக்குள் எப்படி மாற்றிப் பார்த்தாலும் பொருந்தவில்லை. எண்ணை இழுத்துப் பிடித்துப் பொருத்திவிடலாம் என்ற ஆசை எங்களுக்கு எழாமல் இல்லை. குழுவில் இளையவரான பொறியாளர் ஒருவர், களிமண்ணுக்குள் நீர் விரைந்து ஓடும் அடுக்கு ஒன்று இருந்தால் மட்டுமே இப்படி வரும் என்று சொல்லி, வடபுறத்தில் இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னார். தார்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் கீழே பழைய கப்பி ரோடு அகப்பட்டது. அகலப்படுத்துவதற்கு முன் இருந்த சாலைக்கும் முந்தையது அது. கைப்பிடி அளவுக் கற்கள், மணல் கலந்து, சாலையின் வட பாதிக்கு அடியில் மட்டும் ஓடின. வெட்டிய மறுகணமே அதிலிருந்து நீர் கொப்பளித்தது. எந்த ஆவணத்திலும் அது இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இன்னொரு மேலடுக்கு போடும் யோசனை உடனே கைவிடப்பட்டது. சுண்ணாம்பு கலந்து களிமண்ணை நிலைப்படுத்தலாம் என்ற யோசனைக்குச் சற்று நேரம் கொடுத்தோம். கரிசல் பகுதிகளில் பலன் தந்த முறை அது. ஆனால் குழியின் சுவரில் ஊசி ஊசியாக மின்னிய ஜிப்சம் என்ற சல்பேட் உப்பின் படிகங்கள் எச்சரித்தன. கடல்நீர் முறுகும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடுகிறது. சல்பேட் உள்ள களியில் சுண்ணாம்பைச் சேர்த்தால், எட்ரிங்கைட் என்ற படிகம் நீரை உறிஞ்சி வளர்ந்து மண்ணை உப்பவைக்கும். ஆய்வகத்தில் சுண்ணாம்பு கலந்து ஊறவைத்த மாதிரிகள் வார்ப்பு அச்சின் விளிம்புக்கு மேலே எழும்பி நின்றதைக் கண்டதும் அந்த யோசனையும் நின்றது.

சாலையின் பக்கத்தில் ஆழமான வடிகால் வெட்டி நீர்மட்டத்தை இறக்கலாமே என்று நீர் ஊடுருவல் மாதிரியிடம் கேட்டோம். காகிதத்தில் இறங்கியது. ஆனால் நிலம் தட்டையானது. கடல் ஏற்றத்தின்போது வடிகாலின் வாய்க்கு வெளியே நீர் அதே மட்டத்தில் நிற்கும். நீரை இறக்க முடியாத இடத்தில் சாலையை ஏற்றுவதே வழி என்று முடிவாயிற்று. ஜல்லி வரை அகற்றிவிட்டு, பழைய மேட்டின்மேல் மண்பிரிப்புத் துணியால் சுற்றிய 150 மில்லிமீட்டர் பருங்கல் அடுக்கைப் பரப்பி, அதன்மேல் 500 மில்லிமீட்டர் கிராவல் மண்ணையும், பின்னர் ஜல்லி, தார் அடுக்குகளையும் இடுவது திட்டம். பருங்கல்லின் அகன்ற இடுக்குகள் வழியாக நீர் நுண்புழை ஏற்றத்தால் மேலேற முடியாது. உப்பும் அதோடு நிற்கும். புதிய கணக்கில் பழைய மேட்டுக்கு 3 என்ற மதிப்பையே கொடுத்தோம். வடபுற அடிவாரத்தில் கப்பி அடுக்கை நெடுகிலும் வெட்டி, இடையே தடித்த பாலித்தீன் தகட்டைச் செங்குத்தாக இறக்கி மூடினோம்.

குழாய்ப்பாலங்களைத் திறப்பதுதான் மிக நீண்ட வேலை. மூன்று சுற்றுப் பேச்சுக்குப் பிறகு, நல்ல நீர் பாத்திகளில் கலக்காமல் கரைகளுக்கு நடுவே கடலுக்குப் போகத் தனி வாய்க்கால் ஒன்று அமைக்க உப்பளத்தார் இடம் கொடுத்தனர்.

பணம் 1.2 கிலோமீட்டர் முழுவதற்கும் போதவில்லை. கப்பி ரோடு அகப்பட்ட 800 மீட்டருக்கு முழுச் சிகிச்சையும், எஞ்சிய 400 மீட்டருக்கு ஓர மண்ணைச் சீர்செய்து தார் அடுக்கை மட்டும் புதுப்பிப்பதும் என்று பிரித்தோம்.

பின்விளைவுகள்

உயர்த்திய சாலை முதல் மழையிலேயே புதிய சிக்கல் ஒன்றைக் காட்டியது. முன்பெல்லாம் பெருமழையில் சாலைமேல் ஏறி வழிந்துபோன நீர் இப்போது வடக்கே தங்கி, கிழக்கு முனையில் உள்ள குடியிருப்பின் வாசல்வரை வந்தது. சாலைக்கு உள்ளே நீர் எப்படிப் போகிறது என்று அவ்வளவு நுணுக்கமாகக் கணித்த நாங்கள், சாலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த நீரைக் கணக்கில் எடுக்கவில்லை. அங்குள்ள பெண்கள் சாலையில் அமர்ந்து கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. இரண்டு மாதத்தில் மூன்றாவது சிறுபாலம் ஒன்று கட்டப்பட்டது; திட்டத்திலேயே இருந்திருக்க வேண்டியது அது.

இரண்டு மழைக்காலங்கள் கழிந்தபின், மார்கழியில் அளந்தபோது, 800 மீட்டர் பகுதியில் பள்ளம் எங்கும் 4 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை, கொப்புளமும் இல்லை. 400 மீட்டர் பகுதியில் 11 மில்லிமீட்டர் வரை விழுந்திருந்தது.

இனி மாற்றிச் செய்பவை

நீளமான சாலையில் குழிகளைக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வெட்டுவதை நாங்கள் விட்டுவிட்டோம். முதலில் நடந்து பார்த்து, நிலம் மாறும் இடத்தில் வெட்டுகிறோம். ஒரு குழி மட்டும் வேறு மதிப்பைக் காட்டினால், அதை ஒதுக்குவதற்கு முன் அதன் இருபுறமும் இன்னும் இரண்டு வெட்டுகிறோம். கடலோரக் களிமண்ணை ஆய்வகக் குழாய்நீரில் மட்டும் ஊறவைக்காமல், அந்த இடத்து நீரில் ஒருமுறையும் மழைநீரில் ஒருமுறையும் ஊறவைக்கிறோம். தம்ளர் சோதனைக்குச் செலவே இல்லை என்பதால் எல்லாக் குழிக்கும் செய்கிறோம். மென்பொருளுக்கு ஆண்டு முழுமைக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காமல், கோடைக்கு ஒன்றும் மழைக்கு ஒன்றும் கொடுத்துச் சேதத்தைக் கூட்டிப் பார்க்கிறோம். அதற்கு அரைநாள் கூடுதலாகிறது.

வடபுறத்துக் குழாய்கள் மூன்றும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. ஐப்பசி பிறந்ததும் சிறுபாலத்துக்கு அருகில் கடை வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை நூலை இறக்கி அளந்து, அளவைக் கைப்பேசியில் அனுப்புகிறார். அடுத்த மழை முடிந்து 400 மீட்டர் பகுதியின் பள்ளம் 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதையும் உயர்த்துவது என்று கோப்பில் எழுதி ஒப்புதல் பெற்றிருக்கிறோம். இந்த முறை அளவீட்டு நாளாகக் கார்த்திகை இறுதி வாரத்தைக் கோப்பிலேயே குறித்திருக்கிறோம்.